வயிற்றுக்குத் தெரிந்தது

முத்துராக்குக்கு ஏழாவது தடவையாக அல்சர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. சாத்தூருக்குத் தெற்கே உள்ள பட்டாசு ஆலையில், பதினோராம் நம்பர் அறை வாசலில் நின்று ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். குமட்டியது. குனிந்தாள். தரையில் விழுந்தது காப்பித்தூளைக் கரைத்துக் கொட்டியது மாதிரி கறுப்பாக இருந்தது. அது என்ன என்று அவளுக்குத் தெரியும். பழைய ரத்தம். பதினோரு வருடமாகத் தெரியும்.

அறைக்குள் இருந்த நான்கு பெண்களும் அவளைத் தாங்கிப் பிடிக்கவில்லை. வாரிச் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடினார்கள். பக்கத்து அறைகளில் இருந்தவர்களும் ஓடினார்கள். முத்துராக்கு வயிற்றில் கையை வைத்தால் வெளியே போய்விட வேண்டும் என்பது அந்த ஆலையில் எழுதாத சட்டம்.

அவள் அங்கே ஃபோர்மேன். அந்த வட்டாரத்தில் பெண் ஃபோர்மேன் அவள் ஒருத்திதான். வயது நாற்பத்து நான்கு. வெடிக்கும் கலவையை அங்கே மருந்து என்பார்கள். மருந்து கலக்கும் அறை, காகிதக் குழாய்களில் மருந்து செலுத்தும் அறை என்று ஐம்பது அறைகள், ஒன்றுக்கொன்று எட்டத்தில். எல்லா அறையிலும் இப்போது சென்சார் உண்டு. சூடும் ஈரமும் அளவுக்குள் இருந்தால் வாசலில் பச்சை விளக்கு எரியும். ஆனால் சென்சார் அறையின் காற்றைத்தான் பார்க்கும். தட்டில் குவிந்திருக்கும் மருந்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. முத்துராக்குக்கும் தெரியாதுதான். ஆனால் சில நாள் ஓர் அறையைத் தாண்டும்போது அடிவயிறு சுருட்டிப் பிடிக்கும். காரணம் சொல்லத் தெரியாது. மூன்று தடவை அப்படி ஆட்களை வெளியே அனுப்பிய பிறகு அறை தீப்பிடித்திருக்கிறது. மூன்று தடவையும் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

அனுப்ப முடியாத நாட்களும் உண்டு. மேனேஜர் ஜெகவீரன் கெட்டவர் இல்லை. ஆனால் லாரி காத்து நிற்கும், முதலாளி போனில் இருப்பார். "பச்சை எரியுதே முத்துராக்கும்மா. சாப்பாட்டுக்கு அப்புறம் பாப்போம்" என்பார். பத்துத் தடவை சொன்னால் மூன்று தடவை கேட்பார். மற்ற நாட்களில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்துகொண்டே இருப்பாள், சங்கு ஊதும் வரை.

இந்தத் தடவை மதுரையில் ஆறு நாள் படுக்க வேண்டியிருந்தது. கணவர் சங்கரலிங்கம் லாரியோடு வடக்கே போயிருந்ததால் கூட இருந்தது நாத்தனார் பேச்சியம்மாள். அதே ஆலையில் பதினான்காம் நம்பர் அறையில் மருந்து செலுத்துகிறவள்.

டாக்டர் ஹசீனா வயிற்றுக்குள் குழாய் விட்டு எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். இளஞ்சிவப்புச் சுவரில் ஒரு வெள்ளைக் குழி.

"உங்களுக்குக் கிருமி கிடையாது. அஞ்சு தடவை டெஸ்ட் பண்ணியாச்சு. வலி மாத்திரை ஏதாவது போடறீங்களா?"

"தலைவலிக்குக்கூட தைலம்தான் டாக்டரம்மா."

"அதான் சிக்கல். கிருமியால வர்ற புண்ணுன்னா கிருமியைக் கொன்னா பெரும்பாலும் முடிஞ்சது. உங்களுது காரணம் தெரியாத புண்ணு. ஆறும். திரும்ப வரும். மாத்திரை போட்டுக்கிட்டே இருந்தாலும் வரும். அடுத்த தடவை ரத்தம் நிக்கலைன்னா வயித்துல பாதியை எடுக்கணும்."

பேச்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வேற வழியே இல்லையா?" என்று முத்துராக்கு கேட்டாள்.

டாக்டர் மேசை டிராயரிலிருந்து ஒரு சின்ன வளையத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். குழந்தையின் கால்விரலுக்குப் போடும் அளவுதான் இருந்தது.

"மூளைக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு நரம்பு ஓடுது. அந்தக் காலத்துல அல்சருக்கு அந்த நரம்பையே வெட்டினாங்க. அப்புறம் சாப்பாடு இறங்காம கஷ்டப்பட்டாங்க. இப்போ வெட்ட வேண்டாம். இந்த வளையத்தை நரம்புல மாட்டிட்டா, பதட்டத்துல கிளம்பற அலையை மட்டும் மறிச்சிடும். மேல இருந்து கீழ வர்றது, கீழ இருந்து மேல போறது, ரெண்டையும். பசி, செரிமானம் எல்லாம் வழக்கம்போல நடக்கும்."

"எத்தனை பேருக்கு மாட்டியிருக்கீங்க?"

"முப்பத்தொம்பது பேருக்கு. ஒருத்தருக்கும் புண்ணு திரும்பலை. நீங்க சம்மதிச்சா நாப்பது."

சம்மதப் படிவத்தில் சாப்பாடு, தூக்கம், பழைய நோய் பற்றி நாற்பது கேள்விகள் இருந்தன. தொழில் என்ற இடத்தில் பேச்சியம்மாள் 'பட்டாசுத் தொழிலாளி' என்று எழுதினாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

*

வளையம் மாட்டி மூன்றாவது மாதம் முத்துராக்கு பதினோரு வருடத்துக்குப் பிறகு புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். ஆறாவது மாதம் குழாய் விட்டுப் பார்த்தபோது குழி இருந்த இடமே தெரியவில்லை. முகம் தெளிந்து, ஜாக்கெட் எல்லாம் இறுக்கமாகிவிட்டது. லாரியோடு ஊர் திரும்பிய சங்கரலிங்கம், "வேற பொம்பளை வீட்டுக்குள்ள வந்துட்டேனோன்னு பாத்தேன்" என்று சிரித்தார்.

ஆலையில் வேலையும் சுலபமாகிவிட்டது. அறை அறையாக நடந்து, விளக்கைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அந்த ஆறு மாதமும் ஓர் அறையைக்கூட அவள் காலி செய்யவில்லை. ஜெகவீரன் சந்தோஷப்பட்டார். பெண்களும் சந்தோஷப்பட்டார்கள். அக்கா வயிறு சும்மா இருக்கிறது, ஆலைக்கு நல்ல நேரம் என்று பேசிக்கொண்டார்கள்.

தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. காலையில் ஒரு தூறல் போட்டுவிட்டு நின்றிருந்தது. ஒன்பதரை தாண்டி முத்துராக்கு பதினான்காம் அறைக்கு வந்தாள். உள்ளே பேச்சியம்மாளும் செல்வராணியும் தரையில் உட்கார்ந்து மருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். செல்வராணிக்கு முப்பத்தொரு வயது. கையை நிறுத்தாமல் பேசுகிறவள்.

வாசலில் நின்ற முத்துராக்குக்கு ஒரு நெடி அடித்தது. மெல்லிய நெடி. மூத்திரம் நாறும் சந்து ஒன்றைக் கடக்கும்போது வருமே, அது மாதிரி. அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அந்த நெடி வரும், உள்ளே மெல்லச் சூடேறும் என்று அவளுக்குத் தெரியும். இருபது வருடமாகத் தெரியும். தட்டின் ஓரத்தில் மருந்து லேசாகக் கட்டி தட்டியிருந்ததையும் பார்த்தாள்.

பார்த்தாள். நெடியும் தெரிந்தது. ஆனால் எதுவும் அவளைப் பிடித்துத் தள்ளவில்லை. வேறு யாருடைய வீட்டு அடுப்போ எரிகிறது என்பது போல இருந்தது. விளக்கு பச்சையாக எரிந்தது. அடுத்த சுற்று வரும்போது தட்டை மாற்றச் சொல்லலாம் என்று நிதானமாக நினைத்தபடி சில நிமிடம் அங்கேயே நின்றாள்.

பேச்சியம்மாள் எழுந்து வாசலுக்கு வந்தாள். மூக்கைச் சுளித்துக்கொண்டே முத்துராக்கின் முகத்தையும், கை வயிற்றில் இருக்கிறதா என்றும் பார்த்தாள்.

"மதினி, ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல. செய்யி."

பேச்சியம்மாள் வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்து, "செல்வி, அந்தக் குழாய்க் கட்டைத் தள்ளு" என்று சொல்லி வாய் மூடவில்லை. தட்டிலிருந்து ஒரு சீறல். வெள்ளை வெளிச்சம். முத்துராக்கு இருபது அடி தள்ளி மல்லாந்து கிடந்தாள். காதில் ஒரு சத்தமும் இல்லை. பதினான்காம் அறை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

பேச்சியம்மாள் வாசலில் நின்றதால் பிழைத்தாள். இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டன. வலது காது போய்விட்டது. செல்வராணி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

*

செல்வராணியின் வீட்டு முற்றத்தில் முத்துராக்கு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் நெஞ்சிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவளுக்கும் கண்ணீர் வந்தது. ஆனால் அது தொண்டைக்கு மேலேதான் நின்றது. அதற்குக் கீழே ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம், வயிறு ஒரு தடவைகூடப் புரளவில்லையே என்று நினைத்தாள். மத்தியானம் பசித்தது. அந்தப் பசிதான் அவளை எழுப்பி மதுரைக்கு பஸ் ஏற்றியது.

டாக்டர் ஹசீனா அவளை எதிர்பார்த்தது போல இருந்தார். பேப்பரில் செய்தி பார்த்திருந்தார்.

"உங்க வளையத்துல பதிவாகறது அப்பப்போ இங்க வந்துடும், அன்னைக்கு உள்ளதை எடுத்துப் பாத்தேன். மறிச்ச ஒவ்வொரு அலையையும் அது நேரத்தோட குறிச்சு வைக்கும்" என்று திரையைத் திருப்பினார். நீளமாக ஒரு நேர்கோடு. ஓர் இடத்தில் மட்டும் கோடு செங்குத்தாக எழுந்து, திரையின் மேல் விளிம்பில் முட்டி நின்றது.

"இது எத்தனை மணி?" என்று முத்துராக்கு கேட்டாள்.

"ஒம்பது முப்பத்தாறு."

"வெடிச்சது ஒம்பது நாப்பது."

"தெரியும்."

முத்துராக்கு அந்தக் கோட்டின் உச்சியில் விரலை வைத்தாள்.

"அப்போ என் வயித்துக்குத் தெரிஞ்சிருக்கு."

"மூக்கு, கண்ணு, காது எல்லாம் வாங்கினதை மூளை நமக்குச் சொல்றதுக்கு முன்னாடியே கீழ அனுப்பிடுது. வயிறு புரண்டு அதைத் திரும்ப மேல அனுப்புது. அப்போதான் நமக்குப் பயம்னு தெரியுது. உங்களுக்கு அது வந்தது. நான் மாட்டின வளையம் அதை மறிச்சிடுச்சு." டாக்டரின் குரல் இறங்கியது. "நான் உங்ககிட்ட என்ன சாப்பிடறீங்க, எத்தனை மணிக்குத் தூங்கறீங்கன்னு எல்லாம் கேட்டேன். பட்டாசு ஆலையில என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்கலை."

"கழட்டுங்க டாக்டரம்மா."

"கழட்ட இன்னொரு ஆபரேஷன் வேணும். மறிக்கறதை மட்டும் இப்பவே நிறுத்திடலாம். ஆனா புண்ணு திரும்ப வரும். அடுத்த தடவை ரத்தம் நிக்காமப் போகலாம். யோசிச்சுக்கோங்க."

"மத்த முப்பத்தொம்பது பேர் என்ன சொன்னாங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாருக்கும் நானே போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். ஒருத்தர் பஸ் ஓட்டறவர். ஒருத்தங்க பிரசவ வார்டு நர்ஸ். ஒருத்தர் லெவல் கிராசிங் கேட் கீப்பர். நிறுத்திடலாமான்னு கேட்டேன். ஒருத்தர்கூட சரின்னு சொல்லலை. நல்லா இருக்கோம், இப்படியே விட்டுடுங்கன்னு கெஞ்சறாங்க. நீங்க ஒருத்தர்தான் நிறுத்தச் சொல்றீங்க."

முத்துராக்கு அந்தச் செங்குத்துக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க" என்றாள்.

டாக்டர் கணினியில் ஏதோ தட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி உட்கார்ந்து, ஜன்னலோரம் தலையைச் சாய்த்தபோது அடிவயிற்றிலிருந்து அது கிளம்பி வந்தது. செல்வராணியின் முகத்தோடு வந்தது. சாத்தூர் வரும் வரை அவள் வாய்விட்டு அழுதாள். கண்டக்டர் டிக்கெட் கேட்கவே இல்லை.

*

விசாரணை அதிகாரியிடம் நடந்ததை அப்படியே சொன்னாள். நெடி அடித்தது, தெரிந்தும் நின்றேன் என்றாள். ஃபோர்மேன் லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தினார்கள்.

அந்த ஆறு மாதமும் தினமும் பேச்சியம்மாளின் கைக்குக் களிம்பு தடவி, சோறு ஊட்டினாள். முதல் வாரம் பேச்சியம்மாள் அவளோடு பேசவில்லை. ஒருநாள் வாயில் வைத்த சோற்றை மென்று விழுங்கிவிட்டு, "எனக்கே நெடி தெரிஞ்சது மதினி. நீ ஒண்ணும் இல்லைன்ன. நான் என் மூக்கை நம்பலை, உன்னை நம்பினேன்" என்றாள். முத்துராக்கு அழுதாள். பேச்சியம்மாளும் அழுதாள். முத்துராக்கு செல்வராணியின் அம்மா வீட்டுக்கும் போனாள். அந்த அம்மா கதவைத் திறக்கவில்லை. மறுவாரமும் போனாள். அங்கேயும் வாசலில் நின்று அழுதுவிட்டு வந்தாள். டாக்டர் சொன்ன புண்ணுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

மே மாதம் வேலைக்குத் திரும்பினாள். செப்டம்பரில் வந்தது.

சின்னப் புண்தான். ரத்தம் இல்லை. ஆனால் டாக்டர் ஹசீனா குழாயை எடுத்த பிறகு திரையில் கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வளையம் இப்போ எதையும் மறிக்கறது இல்லை. ஆனா பதிவு பண்ணிக்கிட்டேதான் இருக்கு. இந்த ஆறு மாசத்தைப் பாருங்க, நீங்க வீட்ல இருந்தது. எத்தனை அலை!"

"தினமும் அழுதேன் டாக்டரம்மா."

"ஆமா. ஏறுது, இறங்கிடுது. ஒரு மணி நேரத்துக்கு மேல எதுவும் நிக்கலை. புண்ணும் வரலை. இப்போ ஜூலை எட்டாம் தேதியைப் பாருங்க. சர்ருன்னு ஏறி நாப்பது நிமிஷத்துல இறங்கிடுச்சு. அன்னைக்கு என்ன நடந்தது?"

முத்துராக்கு யோசித்தாள். "மூணாம் நம்பர் ரூமைக் காலி பண்ணினேன். மேனேஜர் ஊர்ல இல்லை."

"ஜூலை இருபத்தி ரெண்டு? ஏறினது ஏறினபடியே நிக்குது. சாயங்காலம் வரைக்கும் இறங்கலை."

"அன்னைக்கு முப்பதாம் நம்பர்ல எனக்குச் சரியாப் படலை. போய்ச் சொன்னேன். சாப்பாட்டுக்கு அப்புறம்னார்."

"ஆகஸ்ட் ஒம்பது, பத்து, பதினொண்ணு?"

"மூணு நாளும் சொன்னேன். மூணு நாளும் அப்புறம்னார். நானும் வாயை மூடிக்கிட்டு நடந்துக்கிட்டே இருந்தேன்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "இது பத்து மாசப் பதிவு. ஒரே ஒரு ஆளோடது. எந்தப் புத்தகத்துலயும் இல்லை. இதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா நாங்க பயந்தான் புண்ணைக் கொண்டு வருதுன்னு நினைச்சு, பயத்தை மறிக்க வளையம் செஞ்சோம். இதைப் பாத்தா பயம் வந்துட்டுப் போயிடுது. அதை உள்ள வச்சு அமுக்கின நாள்லதான் அமிலம் நின்னு தின்னுருக்கு."

முத்துராக்கு படுக்கையிலிருந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பதினோரு வருஷமா மாத்திரை சாப்பிட்டிருக்கேன்" என்றாள்.

"மாத்திரையை நிறுத்தாதீங்க" என்றார் டாக்டர் அவசரமாக. "அதையும் சாப்பிடுங்க."

*

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. விடிந்தபோது பெய்த மழை நின்று வெயில் அடித்தது. நூற்று ஐம்பத்திரண்டு பேர் வேலைக்கு வந்திருந்தார்கள். கை சரியாக மடங்காத பேச்சியம்மாள் இப்போது லேபிள் ஒட்டும் கொட்டகையில் இருந்தாள். வாசலில் லாரி நின்றது.

பத்தரை மணிக்கு முத்துராக்கு ஒன்பதாம் அறையைத் தாண்டினாள். நெடி இல்லை. தட்டில் கட்டி இல்லை. விளக்கு பச்சை. இரண்டு எட்டு வைத்த பிறகு அடிவயிறு இறுகியது. திரும்பி வந்து பார்த்தாள். தட்டின் அடியில் கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. உள்ளே இருந்த மூன்று பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

ஆபீஸ் அறை எண்பது அடி தூரத்தில் இருந்தது. அவள் அங்கே போகவில்லை. அபாயச் சங்கு இருந்த தூணுக்குப் போய் விசையை இழுத்தாள்.

நூற்று ஐம்பத்திரண்டு பேரும் வேலிக்கு அப்பால் உள்ள பொட்டலுக்கு ஓடினார்கள். ஜெகவீரன் செருப்பு இல்லாமல் ஓடி வந்தார்.

"என்னம்மா? புகையா? நெடியா?"

"இல்லை சார்."

"சூடு ஏறுதா?"

"இல்லை. தொட்டுப் பாத்தேன்."

"பச்சைதானே எரியுது? அப்புறம் என்னதான் பாத்தீங்க?"

"ஒண்ணும் பாக்கலை சார். எனக்குச் சரியாப் படலை."

அவர் வாயைத் திறந்தார். பொட்டலில் செல்வராணியின் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அவளும் இந்த வருடம் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஜெகவீரன் போனை எடுத்து முதலாளியின் நம்பரை அழுத்தினார்.

பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. லாரி டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு இறங்கிப் படுத்துவிட்டார். வெயிலில் நின்ற பெண்கள் முனகத் தொடங்கினார்கள். போனில் முதலாளி இரைவது நான்கு அடி தூரம் வரை கேட்டது. முத்துராக்கு ஒன்பதாம் அறையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெடிக்க வேண்டும் என்று ஒரு கணம் மனசு ஆசைப்பட்டதைக் கண்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெடித்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

ஒரு மணிக்கு நீளக் கம்பில் கட்டிய வெப்பமானியை அவளே கொண்டுபோய்த் தட்டுக்குள் விட்டுப் பார்த்தாள். வெளிக்காற்றைவிடக் குறைவாகத்தான் காட்டியது. ஒன்பதாம் அறையின் மருந்தையெல்லாம் தண்ணீர்த் தொட்டியில் கொட்டச் சொன்னாள். லேசான ஈரம்தான் மருந்தைச் சூடேற்றும், முழுக்க மூழ்கினால் அது செத்துவிடும்.

அன்று எதுவும் வெடிக்கவில்லை. கொட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது, அவளாலும்தான்.

ஆபீஸ் அறையில் ஜெகவீரன் பெரிய ரிஜிஸ்டரை விரித்தார். சங்கு ஊதினால் அன்றே காரணத்தை எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். அச்சடித்த கட்டத்தில் தீ, புகை, நெடி, மின்கசிவு என்று போட்டிருந்தது.

"எதுல டிக் போடறது? நெடின்னு போட்டுடவா? யாரும் கேட்க மாட்டாங்க."

"நெடி அடிக்கலையே சார்."

"பின்ன என்னன்னு எழுத?"

"பயமா இருந்துச்சுன்னு எழுதுங்க."

"அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா."

முத்துராக்கு பேனாவை வாங்கினாள். அச்சடித்த கட்டங்களுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் நிதானமாக எழுதினாள்: 'ஃபோர்மேனுக்குப் பயமாக இருந்தது. ஆட்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள்.' கீழே கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்டரை அவர் பக்கம் தள்ளினாள்.

ஜெகவீரன் அந்த இரண்டு வரியையும் வெகுநேரம் பார்த்தார். மேசையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்ததும் பேனாவை எடுத்து, அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.